எதிர்வீட்டுச் சுவர்

"சாப்பிடற மேசையில எதுக்கு இந்தப் படமெல்லாம்? முதல்ல இதைப் படி," என்று மாமியார் ஒரு மனுவைக் கொண்டுவந்து மருமகளின் வரைபடத்தின்மேல் வைத்தாள்.

மருமகள் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். எதிர்ப்புறத்துக் காலி மனையில், கைவிடப்பட்ட தாய்மாரும் பெற்றோரில்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வாழும் ஓர் இல்லத்துக்கென்று பன்னிரண்டு சிறு வீடுகளை அவள்தான் வரைந்திருந்தாள். மின்விசிறிக்கே அதிகம் வேலையிருக்காத வீடுகள். பின்னாலிருக்கும் குளத்துக் காற்று அறைகளுக்குள் நுழைந்து, தெருப்பக்கத்து மதில் சுவரில் ஒரு செங்கல் விட்டு ஒரு செங்கல் வைத்த இடைவெளிகள் வழியாக வெளியேறும். மனு அந்தச் சுவரைப் பற்றித்தான். இடைவெளியே கூடாது, பத்தடி உயரத்துக்கு அடைத்துக் கட்ட வேண்டும். கீழே இருபத்திரண்டு கையெழுத்து. முதலாவது மாமியாருடையது, இரண்டாவது புருஷனுடையது.

"அப்பன் பேர் தெரியாத பிள்ளைங்க, புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளைங்க. காலையில கதவைத் திறந்தா அதுங்க மூஞ்சிலயா முழிக்கணும்?"

"காத்து வெளியே போக வழியில்லைன்னா உள்ளேயும் வராது அத்தை. பிள்ளைங்க வெந்துடும்."

"கூரை போட்டுக் குடுக்கறதே பெரிசு. இதுல காத்து வேறயா?"

புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவனுக்குக் கைவந்த கலை அது ஒன்றுதான்.

இல்லத்தை நடத்தியவர்கள் நல்லவர்கள். நல்லவர்களுக்கே உரிய பயமும் அவர்களுக்கு இருந்தது. தெருவைப் பகைத்துக்கொண்டு எப்படி என்று தலையாட்டிவிட்டார்கள். சுவர் எழுந்தது, தெருவின் மானம் தப்பியது.

வீடுகள் முடிந்து தாய்மாரும் பிள்ளைகளும் குடிவந்தார்கள். கோடை வந்தது. உள்ளே பிள்ளைகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு, சொறிந்து சொறிந்து புண்ணாகிப் பள்ளிக்கூடத்தில் சாய்ந்து உட்கார முடியவில்லை. வெளியே இருந்தவர்கள் பாடும் லேசுப்பட்டதாயில்லை. இத்தனை வருஷம் அந்த மனை வழியாகத்தானே குளத்துக் காற்று தெருவுக்கும் வந்துகொண்டிருந்தது! கையெழுத்துப் போட்டபோது அது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"ஏம்மா, அந்தச் சுவத்துல நாலு ஓட்டை போடச் சொல்லேன். மூச்சு முட்டுது," என்றாள் மாமியார், விசிறியும் கையுமாக.

"போடலாம் அத்தை. ஆனா காத்து மட்டும் தனியா வராது. பிள்ளைங்க சத்தமும் சேர்ந்துதான் வரும்."

மாமியார் யோசித்தாள். ரொம்ப நேரம் இல்லை.

"அப்ப வேண்டாம்."

மறுநாளே முன்னறையில் ஏசி மாட்டினார்கள். அதன் வெளிப்பெட்டி எதிர்ச்சுவரைப் பார்த்து நாளெல்லாம் சூட்டைத் துப்பியது. வாசலில் நின்று அதைப் பார்த்த மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். நேரே இல்லத்துக்குப் போனாள்.

"தெருவுல ஒரே ஒருத்தர் எழுதிக் குடுத்தாலும் போதும்மா, நாங்க தைரியமாச் சுவரைப் பிரிச்சிடுவோம்," என்றார் அங்கிருந்த பெரியவர்.

அவரிடமே ஒரு தாளை வாங்கி, தனக்கு ஆட்சேபம் இல்லையென்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் கொத்தனார் வந்து முதல் செங்கல்லைப் பெயர்த்தார். சின்னஞ்சிறு ஓட்டைதான். அதன் முன்னால் ஆறு பிள்ளைகள் குளத்துப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நெருக்கியடித்து நின்றார்கள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் பயந்துபோய்க் கேட்டாள்.

"மேடம், எதிர்வீட்டுக்காரங்க சண்டைக்கு வர மாட்டாங்களா?"

"எதிர்வீட்டுக்காரியே நான்தாம்மா," என்றாள் அவள். "நீங்க அடுத்ததை எடுங்க கொத்தனாரே."