பானையின் மேல் விழுந்த கோடுகள்

1

இந்தக் கதை கூரியர் கவுண்டரில் கிடைத்தது. என் கற்பனை இதில் குறைவு. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

தஞ்சாவூரில் மேரீஸ் கார்னர் பக்கம் ஒரு கூரியர் அலுவலகத்தில் பகலில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பெடுக்கும் இனியவன் சார், "யாராவது எதற்காவது காத்திருக்கும் கதை" எழுதிவரச் சொன்னார். மற்றவர்கள் பேருந்துக்கும் காதலனுக்கும் தேர்வு முடிவுக்கும் காத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றாமல் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, கவுண்டருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெரியவர்கள் ஒரு சினிமா டிஸ்குக்காகக் காத்திருந்தார்கள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"குடவாசலில் அன்று மழை –"

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் வழக்கே மழையைப் பற்றித்தான். வழக்கு தீராதபோது கதாசிரியர் ஒரு பக்கம் சாயக் கூடாது. அதனால் கதை முடியும்வரை எங்கேயும் ஒரு சொட்டுகூட விழாமல் பார்த்துக்கொள்வது என்று எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"ரெமிஜியஸ் மூக்குக்கண்ணாடி விற்பவர். ஆனாலும் அவருக்கு –"

இதுவும் வேண்டாம். அந்த "ஆனாலும்" தன்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்கிறது.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் இப்போது படித்து முடித்தீர்கள்.

2

ரெமிஜியஸ் சாருக்கு அறுபது வயது இருக்கும். எங்கள் அலுவலகத்துக்கு நான்கு கடை தள்ளிக் கண்ணாடிக் கடை. லென்ஸ் அடுக்கிய தட்டுகளுக்குப் பின்னால் உலக சினிமா அடுக்கியிருக்கிறார். ஒவ்வொரு டிஸ்க்கின் அட்டை உறைக்கும் மேலே இன்னொரு பிளாஸ்டிக் உறை.

நடராசன் ஐயா குடவாசல் பக்கத்து விவசாயி. அவருடைய டிஸ்குகள் விதைநெல் அறையில் இருக்கின்றன. வீட்டிலேயே எலி வராத இடம் அதுதானாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேருந்து ஏறி வருவார். இருவரும் கடையின் பின்பக்கம் ஒரு படம் பார்ப்பார்கள். பிறகு சண்டை போடுவார்கள்.

அவர்கள் காத்திருந்த படத்தின் பெயரை எனக்கு உச்சரிக்கத் தெரியவில்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு வறண்ட ஊரில், கருப்பு வெள்ளையில் எடுத்தது. இவர்கள் இருவரும் அதைக் "கிணத்துப் படம்" என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு பெண் தினமும் வற்றிய கிணற்றுக்குப் பானையோடு போகிறாள், வெறும் பானையோடு திரும்புகிறாள். கடைசிக் காட்சியில் பானையைக் கிணற்றுமேட்டிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறாள். கேமரா பானையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பானையின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. படம் முடிகிறது.

அந்தக் கோடுகள் மழையா, பிலிமில் விழுந்த கீறலா?

இவ்வளவுதான் வழக்கு. இருபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. எந்தத் தொலைக்காட்சியிலிருந்தோ பதிவு செய்து, அதிலிருந்து பதிவு செய்து, அதிலிருந்தும் பதிவு செய்த ஒரு கேசட்டில் தஞ்சாவூர் திரைப்படச் சங்கத்தில் பார்த்தது. உலகத்தில் அதைவிட நல்ல பிரதி இல்லை. இப்போது ஒரு வெளிநாட்டு நிறுவனம் அசல் நெகட்டிவைத் தேடிப்பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாகச் சுத்தம் செய்து, டிஸ்க்காக வெளியிடுகிறது. கீறலாக இருந்தால் துடைத்திருப்பார்கள். மழையாக இருந்தால் விட்டிருப்பார்கள்.

இருவர் பெயரிலும் சேர்ந்து ஒரே டிஸ்க் முன்பதிவு செய்திருந்தார்கள். முகவரி எங்கள் கவுண்டர். குடவாசலுக்கு எங்களுக்கு டெலிவரி கிடையாது; கடைக்கு வந்தால் ரெமிஜியஸ் சார் வீட்டம்மா எண்ணிவிடுவார்.*

* "இது எத்தனாவது?" என்று எண்ணுவார். அவர் இந்தக் கதையில் வர மாட்டார். வந்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

3

இந்தப் பகுதியில் உரையாடல் வர வேண்டும். "ஆட்கள் பேசாத கதை, ஆள் குடியில்லாத வீடு" என்பார் இனியவன் சார். ஆகவே, வெளியீட்டுத் தேதி மூன்றாம் முறை தள்ளிப்போன ஞாயிற்றுக்கிழமை:

"வந்துருச்சா பாப்பா?"

"இல்லீங்க ஐயா. தேதி தள்ளிப் போட்டுட்டாங்களாம்."

"போடட்டும் போடட்டும். ஜூன் பன்னெண்டும்பான், ஆகஸ்டுல திறப்பான். மேட்டூரைப் பார்த்து வளர்ந்த ஆளு நானு. எனக்கென்ன புதுசா?"

"திறந்தாலும் நாம கடைமடைய்யா," என்றார் ரெமிஜியஸ் சார். "லண்டன்காரன், பாம்பேகாரன் எல்லாம் பாய்ச்சிக்கிட்டு மிச்சந்தான் நமக்கு."

"வரட்டுங்க கண்ணாடிக்காரரே. வந்ததும் ஒங்க கண்ணை நீங்களே டெஸ்ட் பண்ணிக்கலாம்."

"யோவ் மிராசு, மழைன்னா தரை நனையணும்ல?"

"அந்தக் கேசட்டுல தரை எங்கய்யா தெரிஞ்சுது?"

"சத்தம்?"

"சரசரன்னு கேக்குதுல்ல."

"அது கேசட்டு இரைச்சல்! எங்கூட்டு கல்யாண கேசட்டுலயும் அதேதான் கேக்குது. தாலி கட்டுறப்ப மழையா பேஞ்சுது?"

"சரி, பானையை ஏன் வெளியில வெச்சுட்டுப் போறா? சொல்லுங்க. தண்ணி பிடிக்கத்தான்."

"வெறுத்துப்போய் வெச்சுட்டுப் போறா."

"வெறுத்தவ போட்டு ஒடைப்பா. இவ நிமித்தி வெக்கிறா சார், நிமித்தி!"

எனக்குக் கடைசி வாதம் பிடித்திருந்தது. (நடுநிலை, ஆஷ்லின், நடுநிலை.) என் பெயரை இவ்வளவு தாமதமாகச் சொன்னது தொழில்நுட்பப் பிழையா என்று தெரியவில்லை.

4

பார்சல் ஒரு வியாழக்கிழமை வந்தது. நன்றாகப் பாலிதீன் சுற்றி வந்தது. (ஏன் பாலிதீன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.) அன்று மாலை ரெமிஜியஸ் சார் தனியாக வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். எதைத் துடைத்தார் என்று கேட்காதீர்கள்.

"ஆஷ்லின், ஒரு உதவிம்மா. அது வந்துச்சுன்னா…"

"வந்துருச்சு சார்."

"வந்துருச்சா." கவுண்டர் பக்கம் குனிந்தார். "வாங்க ஆளில்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பிடலாமா?"

"நீங்கதான் எதுர்ல நிக்கிறீங்களே சார்."

"நான் நிக்கலைன்னு வெச்சுக்கம்மா."

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். போன வாரம் நடராசன் ஐயா வீட்டுக்கு போன் செய்தபோது சாவித்திரி அம்மா எடுத்திருக்கிறார். நடராசன் ஐயாவின் மனைவி. "அந்தக் கிணத்துப் படம் வந்தா எனக்கு மொதல்ல சொல்லுங்கண்ணே. அதாலதான் நாங்க இங்க கெடக்குறோம்" என்றிருக்கிறார். ரெமிஜியஸ் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விஷயம் வந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்பு, காவிரியில் தண்ணீர் வராமல் குறுவையும் சம்பாவும் பொய்த்த வருடம் அது. நிலத்தை வாங்க ஆள் தயார். சாவித்திரி அம்மாவின் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்து வைத்து, குடும்பத்தோடு வரச்சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அட்வான்ஸ் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடராசன் ஐயா தஞ்சாவூரில் இந்தப் படத்தைப் பார்த்தார். இரவு வீட்டுக்கு வந்து, "விக்க வேணாம் சாவித்திரி, கடைசியில பெய்யுது" என்றார்.

"இதை என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லைம்மா," என்றார் ரெமிஜியஸ் சார். "வாராவாரம் கீறல், கீறல்னு கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன், பாத்துக்க."

"பார்த்துட்டு மழைன்னே தெரிஞ்சா நல்லதுதானே சார்?"

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, வெளிநாட்டில் முதலிலேயே டிஸ்க் கிடைத்தவர்கள் இணையத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். தான் ஒரு விமர்சனத்தைப் படித்துவிட்டதாகவும் சொன்னார்.

"கடைசிக் காட்சி பத்தி எழுதிருக்கா சார்?"

"எழுதிருக்கு."

"என்ன எழுதிருக்கு?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எடுத்து வையிம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

5

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

கீறல் என்று தெரிந்ததால் நண்பருக்காக மறைக்கிறாரா? அல்லது மழை என்று தெரிந்ததால், இருபது வருடக் கிண்டலைத் திருப்பி வாங்க வெட்கப்பட்டு மறைக்கிறாரா? இரண்டுக்கும் அதே முகம்தான், கண்ணாடியைத் துடைக்கும் முகம். அந்த விமர்சனத்தை நானே தேடிப் படித்திருக்கலாம். கைப்பேசியை எடுத்தேன், வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டால் உங்களுக்குச் சொல்லாமல் எழுத எனக்குச் சாமர்த்தியம் போதாது.

வகுப்பில் முடிவுகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். பார்த்தேன்.

பார்சலைத் திருப்பி அனுப்பும் முடிவு: டிஸ்க் கடல் தாண்டிப் போகிறது, இருவரும் சாகும்வரை சண்டை போடுகிறார்கள். இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கதைக்காக என் வேலை போய்விடும்.

மழை பெய்யும் முடிவு: நடராசன் ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். அதற்கு அப்புறம் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எதற்காகப் பேருந்து –

மழை பெய்யாத முடிவு: தரை காய்ந்து கிடக்கிறது. பானை. நடராசன் ஐயா திரையைப் பார்த்து, "அப்ப நான்" என்று

இதை முடிக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றேன்.

6

நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் கவுண்டர். நடராசன் ஐயா வந்தார். குடையைக் கதவோரம் சாய்த்தார். (குடையைக் கவனிக்காதீர்கள்.) அவருக்குப் பின்னால், அவரைவிட வேகமாக, ஒரு அம்மா உள்ளே வந்தார்.

"இதுதான் அந்தக் கூரியர் புள்ளையா? நான் சாவித்திரி. வந்துருச்சாம்மா?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"வந்துருச்சு," என்றார் அவர் கணவரிடம். "மூஞ்சியே சொல்லுது."

"சீக்கிரம் குடும்மா, பொழுதோட திரும்பணும். நட்ட வயல்ல தண்ணி வடியாம நிக்குது," என்றார் நடராசன் ஐயா. (இந்த வரியை எடுத்திருக்க வேண்டும்.)

அதற்குள் ரெமிஜியஸ் சார் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"யோவ் மிராசு, இரு. பிரிக்க வேணாம்."

"ஏன்? பயமா?"

"நான் தோத்துட்டேன்யா. வெளிநாட்டுக்காரன் எழுதிட்டான். மழைதான். நீ சொன்னதுதான் சரி. போதுமா?"

 நடராசன் ஐயா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ரெமிஜியஸ் சாரையே பார்த்தார்.

"இருவது வருஷத்துல ஒரு தடவ, பேச்சுக்குக்கூட நீங்க ஒத்துக்கிட்டதில்ல," என்றார் மெதுவாக. "இவ ஒங்ககிட்ட எதுவும் சொன்னாளா?"

"நாந்தான் சொன்னேன்," என்றார் சாவித்திரி அம்மா. "சொன்னா என்ன? ஊருக்கே தெரிஞ்ச கதை. அண்ணன் டிக்கெட்டே எடுத்து வெச்சிருந்தாரு. பெட்டியில சேலையெல்லாம் மடிச்சு வெச்சுட்டேன். இவரு படம் பாத்துட்டு வந்து, பிரிச்சு வையின்னாரு."

"நெசமாவே மழைதாம்மா," என்றார் ரெமிஜியஸ் சார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. உண்மை சொல்பவரின் குரலும் யாரும் நம்பாவிட்டால் அப்படித்தான் உடையும். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"பிரிக்க வேணாம் சாவித்திரி," என்றார் நடராசன் ஐயா திடீரென்று. "இவருதான் ஒத்துக்கிட்டாரே. முடிஞ்சுபோச்சு. வா."

"எது முடிஞ்சுபோச்சு?" அந்த அம்மா நகரவில்லை. "நீங்க பாத்தீங்க. இவரு பாத்தாரு. வாராவாரம் வெத்தல போடுற மாதிரி ரெண்டு பேரும் அதையே மென்னீங்க. நான் பாக்கலியே. எதுக்காக நான் பொட்டியப் பிரிச்சேன்னு எனக்கு யாரு காட்டுனா?"

"மழை இல்லேன்னா என்ன பண்ணுவே?"

"இல்லேன்னா இல்ல. இத்தன வருஷம் வெள்ளாமை பண்ணலியா, சோறு திங்கலியா? இன்னைக்கு வந்த படமா அதை அழிச்சுடப் போவுது? ஆனா நான் பாக்கணும்."

அவர் பார்சலுக்காகக் கையை நீட்டினார். அதில் அவர் பெயர் இல்லை. பெயர் உள்ளவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும், அது விதி. நான் பேனாவைக் கவுண்டரில் வைத்தேன்.

ரெமிஜியஸ் சார் பேனாவைத் தொடவில்லை.

நடராசன் ஐயா எடுத்தார்.

7

இங்கே நிறுத்திவிட்டேன். வகுப்பில் வாசித்தபோது, "இது முடிவு இல்லை, தப்பித்தல்" என்றார் இனியவன் சார். இருக்கலாம். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் தெரிந்ததைச் சொன்னால் அவர்கள் மூவரில் ஒருவருக்கு நான் தீர்ப்பு எழுதியதாகிவிடும். அந்த வேலைக்கு மாலை வகுப்பு போதாது.

அதனால் பார்சலை உங்கள் பக்கம் தள்ளி வைக்கிறேன். பேனா நடராசன் ஐயா கையில் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போடுவதும், டிஸ்க்கில் பானை நனைவதும் நனையாததும், ரெமிஜியஸ் சார் சொன்னது பொய்யா மெய்யா என்பதும் உங்கள் பொறுப்பு. ஒரே ஒரு நிபந்தனை. திரைக்கு நேர் எதிரே இருக்கும் நாற்காலியில் சாவித்திரி அம்மா உட்கார வேண்டும். அவர் பார்த்து முடிக்கும்வரை மற்ற இருவரும் வாயைத் திறக்கக் கூடாது.

இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் படத்தில் செய்ததையே நானும் இந்தக் கதையில் செய்திருக்கிறேன். கோடு கோடாகத் துடைத்திருக்கிறேன். பாலிதீன், கண்ணாடி, குடை, வடியாத வயல் எல்லாம் துடைத்த இடத்துத் தடங்கள். இது ஐப்பசியில் நடந்தது. நடராசன் ஐயா பேனாவோடு குனிந்தபோது அவர் சட்டையின் தோள் இரண்டும் கருத்து ஈரமாக இருந்தன. சாவித்திரி அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே