வலையில் விட்ட ஓட்டை

நகராட்சியின் வெள்ளப் பிரிவில் வேலை பார்த்த ஒருத்தியின் வீட்டின் மேல் மட்டும் பல வருடங்களாக மழை பெய்யவில்லை. அக்கம்பக்கமெல்லாம் கொட்டித் தீர்க்கும்போதும் அவள் மொட்டை மாடியில் புழுதி அப்படியே கிடக்கும். அது அவளே இழுத்துவிட்டுக்கொண்ட வினை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணினி முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால், முதலில் ஊர் முழுவதையும் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து ஒரு வலை பின்னியாக வேண்டும். கணக்கில் தண்ணீர் ஒரு முக்கோணத்திலிருந்து அடுத்ததற்கு இறங்கித்தான் ஓடும். பின்னுவது அவள் வேலை என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு வலைக்காரி என்று பெயர். முதல் முறை பின்னியபோது ஊரே ஒழுங்காக வலைக்குள் வந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முக்கோணங்கள் சிறுத்துச் சிறுத்து, ஊசியாய் மெலிந்து, கணினி திணறி நின்றது. அந்த இடம் அவள் வீட்டு வாசல். மழைக்காலமோ நெருங்கிவிட்டது. அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "அந்த எடத்த மட்டும் வெட்டி எடுத்துடும்மா. ஒரு வீடு இல்லன்னா ஊரு ஒண்ணும் முழுகிடாது" என்றார். முழுகுவதைக் கணக்குப் போடும் அலுவலகத்தில் அவர் இப்படித்தான் பேசுவார். அவள் தன் வீட்டைச் சுற்றி ஒரு கோடு போட்டு, உள்ளே இருந்ததை அழித்தாள். வலை தடங்கலில்லாமல் பின்னி முடிந்தது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

அந்த மழையிலிருந்து வெள்ளம் அவள் வீட்டுக் கேட் வரை வந்து, திரும்பி, சுற்றிக்கொண்டு போயிற்று. அவள் வீட்டுப் பங்கும் சேர்ந்து எதிர்வீட்டுத் தையல்காரர் கடையில் ஏறியது. அவர் மெஷின்களை மேசை மேல் தூக்கி வைத்துவிட்டு நகராட்சியைத் திட்டினார். அவளைத் திட்டவில்லை, எதிரே ஒரு வீடு இருப்பதே அவர் கண்ணில் படாமல் போயிருந்தது. சிலிண்டர் கொண்டு வந்தவன் தெருவை இரண்டு முறை அளந்துவிட்டுத் திரும்பிப் போனான். தபால் நின்றது, போன் சிக்னல் நின்றது, பூனைகூட மதில் மேல் வந்து பாதியில் வேறு பக்கம் நடந்தது. கோடு போட்டவள் என்பதால் அவளால் மட்டும் போய்வர முடிந்தது. முதல் வருடம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஹாரன் சத்தமில்லை, சந்தா கேட்டு யாரும் வரவில்லை. அப்புறம் கதவைத் தாழிடுவதை விட்டாள். அப்புறம் சமைக்கும்போது உப்புப் போதுமா என்று சத்தமாகக் கேட்டு, போதும் என்று தானே பதிலும் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்குத் தாங்க முடியாத தனிமையாக இருந்தது. வந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில் அவள் அக்காவின் கணவர் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை, குடியிருந்த அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இனி தங்கச்சியோடு இருந்துவிடலாம் என்று அக்கா இரண்டு பைகளோடு வந்தாள், தெரு முழுக்க நடந்தாள், பார்த்தால் கிளம்பிய தெருமுனையிலேயே நின்றிருந்தாள். வலைக்காரி போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கேட்டைத் தாண்டியபோது வலைக்காரியின் கை வெறுங்கையாக இருந்தது. அக்கா மறுபடியும் தெருமுனையில், பைகளோடு. "முட்டி வலிக்குதுடி. அப்படி எங்கதான் இருக்கு உன் வீடு?" என்று கேட்டாள், கோபமே இல்லாமல். அக்கா மழைக்காலம் வரை பழைய அறையிலேயே இருக்கத் தவணை கேட்டு வாங்கினாள். அதன் பிறகு இருவரும் சாயங்காலங்களில் பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் வழி பிறக்காவிட்டால் வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவதாக அக்கா சொன்னாள்.

வலைக்காரி கணினியில் தன் வீட்டை வெட்டியெடுத்த பழைய ஓட்டையைத் திறந்தாள். வீட்டை உள்ளே வைத்ததும் கணினி பழையபடி திணறியது. முக்கோணங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள், மசியவில்லை. கடைசியில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். வாசல் சுவர் திரையை நிறைத்தது. சுவர் வெறும் கோடாயிற்று. இன்னும் பெரிதாக்கியதும் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்தது. பழைய நில அளவையில் வரைந்த ஒரு சுவர், புது அளவையில் மறுபடி வரைந்த அதே சுவர், நடுவில் மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கணினி இத்தனை காலம் ஊசி ஊசியாய் முக்கோணம் செய்து மாய்ந்திருக்கிறது. அன்றைக்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்த்திருந்தால் ஒரு கோட்டை அழிப்பதோடு முடிந்திருக்கும். அவளுக்கு அழுகை வந்தது. அழுதபடியே பழைய சுவரை அழித்தாள். வலை முழுசாகப் பின்னி முடிந்தது, கணக்கும் ஓடியது. அவள் வீட்டில் முழங்கால் வரை தண்ணீர் என்று காட்டியது.

"உன் வீட்டுக்குள்ள தண்ணி வருமேம்மா?" என்றார் அதிகாரி.

"வரட்டும் சார். ஆளும் வரணும்ல?"

பெருமழை பிடித்த காலையில் கதவிடுக்கு வழியாக முதலில் சேற்றுத் தண்ணீர் வந்தது, அதன் மேல் ஒரு நூல்கண்டு மிதந்து வந்தது. நூல்கண்டைத் தேடிக்கொண்டு தையல்காரர் வந்து, "ஏம்மா, இத்தன வருஷமா இங்கதான் இருந்தியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு கண்டைத் துரத்திக்கொண்டு போனார். பிறகு இரண்டு பைகளையும் தலையில் வைத்துக்கொண்டு அக்கா வந்தாள். வாசலில் நின்று செருப்பைக் கழற்றி, முழங்கால் தண்ணீரில் அதைக் கையில் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இத எங்கடி விடறது?"

"எங்க விட்டாலும் மிதக்கத்தான் போகுது. நீ உள்ள வாக்கா."

இப்போது அந்த வீட்டில் வருடா வருடம் வெள்ளம் வருகிறது. கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் உள்ளே இரண்டு ஜோடிச் செருப்புகள் மிதக்கின்றன.