பஞ்சு வைத்த பக்கம்

“பஞ்சு எங்கம்மணி வெச்சிருக்கறே?”

கூடத்திலிருந்து தெய்வாத்தாள் கேட்டது நாச்சியம்மாளின் காதில் விழுந்தது. காதில் விழாதவள் போல அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்த அடுப்பைப் பற்றவைக்கப் போவதில்லை. ஆனாலும் கையிலிருந்த துணி போய்ப் போய் வந்தது.

திருமலைசாமியின் மூச்சு நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கால் கட்டைவிரல்களைச் சேர்த்து அவருடைய அக்கா தெய்வாத்தாளே கட்டிவிட்டாள். தாடையைத் தூக்கி, தலையோடு சுற்றி வெள்ளைத் துணி. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. இனி மூக்குக்குப் பஞ்சு.

“உன்னத்தாங் கேக்கறேன். சனம் வாரதுக்குள்ள வெச்சுப்போடோணும்.”

“மருந்துப் பொட்டியில இருக்குதுங்க நங்கை.” நாச்சியம்மாளுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது. “கொஞ்சம் பொறுத்து வெக்கலாங்களா? பாப்பா இன்னும் பாக்கலீங்க.”

“பாப்பா எதுக்குப் பாக்கோணும்? மறுக்காவும் அன்னைக்காட்ட ஆகறதுக்கா?”

அன்றைக்கு நடந்ததை மறந்தவர் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

மகள் ரித்திகாவுக்கு ஒன்பது வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பல்லடத்தில் நாச்சியம்மாளின் தம்பி இறந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பெரியவர்கள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் அவள் மெல்ல நகர்ந்து மாமன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததைப் பார்த்தாள். மூச்சுவிட முடியாமல் படுத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். இரண்டு பஞ்சையும் பிடுங்கி எறிந்து, தாடைத் துணியையும் அவிழ்த்தாள். வாய் திறந்துகொண்டது. பெண்கள் அலறினார்கள். யாரோ ஓர் அத்தை அவள் கன்னத்தில் அறைந்து இழுத்துக்கொண்டு போனாள். எதற்கு அடித்தார்கள் என்று அவளுக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்கிற வழியும் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் தூக்கத்தில் எழுந்து வந்து அப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். திருமலைசாமி விழித்திருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, அவள் விரலில் நன்றாகப் படும்படி மூச்சு விடுவார்.

அவருக்குத் தொண்டையில் வந்தது புற்றுநோய் என்று போன வருடக் கடைசியில் தெரிந்தது. ஆறு மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்ன அன்று, கணபதிப் பகுதியில் இருந்த தன் லேத் பட்டறையைப் பூட்டிவிட்டு நேரே உக்கடம் போனார். லாரிக்கும் கடைக்கும் போர்டு எழுதுகிற கலீல் ரஹ்மானைத் தேடித்தான் போனார். பட்டறைக்குப் பெயர்ப்பலகை எழுதியவர் அவர். வெகு காலத்துக்கு முன்பு, நின்றுபோன ஒரு வாரப் பத்திரிகையில் படக்கதை வரைந்துகொண்டிருந்தவர்.

“என்ற புள்ளைக்குப் பொறந்தநாள் வருது பாய். ஒரு படக்கதை பண்ணிக் குடுங்க. கதைல அவளும் நானுந்தான் வரோணும்.”

ரித்திகாவுக்குப் படக்கதை என்றால் உயிர். எழுத்து அதிகம் தெரியாது, கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே போவாள். கலீல் ரஹ்மான் சந்தோஷமாகத் தலையாட்டினார். புலியா, கப்பலா, எது வேண்டும் என்று கேட்டார். திருமலைசாமி தனக்கு வேண்டிய கதையைச் சொன்னார். கேட்டு முடித்தபோது கலீல் ரஹ்மானின் கையிலிருந்த பிரஷ்ஷில் பெயிண்ட் காய்ந்துவிட்டிருந்தது.

நாச்சியம்மாளுக்கு இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தெரியாது. புள்ளைக்கு ஏதோ புத்தகம் வரைகிறார்கள் என்று மட்டும் நினைத்திருந்தாள். மத்தியானம் இரண்டு டம்ளர் காப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டிலில் அவர் நீட்டிப் படுத்திருந்தார். கால் கட்டைவிரல்கள் கட்டியிருந்தன. தாடைக்குத் துணி. நெற்றியில் காசு. மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சு. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கலீல் ரஹ்மான் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார்.

டம்ளர்கள் விழுந்த சத்தத்தில் கட்டிலில் கிடந்தது கண்ணைத் திறந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தது.

“பயந்துட்டயா? நாந்தான் அம்மணி.” அப்போது அவருக்கு இன்னும் கொஞ்சம் குரல் இருந்தது. “பாத்தாத்தான் பாய்க்கு வரைய வருமாம்.”

“நான் வேண்டாமுன்னுதாங்க சொன்னேன்,” என்று கலீல் ரஹ்மான் எழுந்து நின்றார். “அவுருதான் கேக்கலீங்க அக்கா.”

பாய் போன பிறகு அவள் சிந்திய காப்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “உசுரோட இருக்கற மனுசன் பண்ற வேலைங்களா இது? சாவக் கூப்புட்டு ஊட்டுக்குள்ள உக்கார வெக்கறீங்களே.”

“அது வந்து உக்காந்து நொம்ப நாளாச்சு நாச்சி. பாப்பாவுக்குத்தான் ஆரும் சொல்லுல. மத்த புள்ளைகளுக்குக் காதுல சொல்லிப்போடலாம். இவளுக்கு எப்பிடிச் சொல்றது? மடியில உக்கார வெச்சு நானே ஒவ்வொரு பக்கமாக் காட்டிப்போட்டன்னா, அப்பறம் பயப்பட மாட்டா.”

அன்று முதல் அவர் தூங்கும்போது நாச்சியம்மாள் அந்த அறைக்குள் தனியாகப் போவதில்லை. வாசல்படியில் நின்று, வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். முகத்தைப் பார்த்தால் அதில் பஞ்சு இருந்தது. கண்ணை மூடினாலும் இருந்தது.

ஆனி மாதம் கலீல் ரஹ்மான் புத்தகத்தைக் காக்கிக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்தார். திருமலைசாமி தூங்குகிறார் என்று சொல்லி, நாச்சியம்மாள் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அது பூட்டியிருக்கிற வரைக்கும் உள்ளே இருப்பது வெளியே வராது என்று ஒரு நினைப்பு. யாரிடமும் சொல்ல முடியாத நினைப்பு. அதன்பிறகு பீரோவைத் திறக்கும்போதெல்லாம் புடவைகளுக்கு அடியில் ஓர் ஆள் நீட்டிப் படுத்திருப்பது போல இருக்கும். கையை மட்டும் உள்ளே விட்டு வேண்டியதை எடுத்துக்கொண்டு சாத்திவிடுவாள்.

அதற்குள் அவருக்குக் குரல் முழுதாகப் போயிருந்தது. மகளிடம் பேசுகிற மாதிரியே அவளிடமும் கையால் பேசினார். இரண்டு உள்ளங்கையையும் புத்தகம் போல விரித்துக் காட்டிப் புருவத்தைத் தூக்குவார்.

“பாய் இன்னும் முடிக்கலீங்களாம்,” என்பாள்.

தினமும் கேட்டார். பத்து நாளுக்கு முன்பு கேட்பதை நிறுத்திவிட்டார். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் ஆறுதலாக மூச்சு விட்டாள்.

இப்போது தெய்வாத்தாள் மருந்துப் பெட்டியை எடுத்துப்போய் வேலையை முடித்துவிட்டு வந்தாள். “புள்ள அந்த நாயுடு ஊட்டுலயே இருக்கட்டும். எடுத்ததுக்கப்பறம் கூட்டியாந்துக்கலாம். ராமாமணிகிட்டச் சொல்லிப்போட்டேன்.”

பக்கத்து வீட்டு ராமாமணி நேற்று சாயங்காலமே குழந்தையைக் கூட்டிப்போயிருந்தாள். சரிங்க என்று சொல்ல நாச்சியம்மாள் வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் எதையும் திறக்க வேண்டியதில்லை. எதையும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் சாயங்காலம் குழந்தை வந்து வெறும் கட்டிலைப் பார்ப்பாள். வீடு முழுக்கத் தேடுவாள். பிறகு தெருவில் தேடுவாள். எத்தனை நாள் தேடுவாள்?

“சரிங்க,” என்றுதான் சொன்னாள். அவ்வளவு பயமாக இருந்தது.

ஒன்பது மணிக்குப் பறை வந்தது. முதல் அடி விழுந்ததும் பாத்திரங்கள் அதிர்ந்தன. அடுத்த கொஞ்ச நேரத்தில் பின்வாசல் கதவு படீரென்று திறந்தது. ரித்திகா நின்றிருந்தாள். செருப்பு இல்லை, பாதிப் பின்னல் அவிழ்ந்து கிடந்தது. இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ராமாமணி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“தரை அதிர்ந்ததுமே எந்திரிச்சுட்டாளுங்க. புடிக்கப் புடிக்க ஓடியாந்துட்டா.”

குழந்தை தன் நெஞ்சைக் காட்டினாள். உள்ளே யாரோ அடிக்கிறார்கள் என்று காட்டினாள். கூடத்துப் பக்கம் திரும்பினாள். நாச்சியம்மாள் பாய்ந்து அவளை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். சன்னலுக்குத் தூக்கித் தெருவில் நின்ற பறைக்காரர்களைக் காட்டினாள். நான்கு பேர், நான்கு பறை. குழந்தை அவர்கள் கையைப் பார்த்தாள், தன் நெஞ்சைத் தொட்டாள். கை மெல்லக் கீழே இறங்கியது. பிறகு அம்மாவின் முகத்தைத் திருப்பி, ஒற்றை விரலால் மேலுதட்டில் மீசை வரைந்து காட்டினாள். அப்பா எங்கே?

நாச்சியம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மூன்று முறை துளை தவறியது. புடவைகளுக்கு அடியில் கையை விட்டபோது காகிதம் சில்லென்று இருந்தது. அவளால் பிரிக்க முடியவில்லை. ரித்திகாதான் வாங்கிக் கிழித்தாள்.

அட்டையில், லாரிகளில் எழுதுகிற மாதிரி நிழல் வைத்த பெரிய எழுத்தில் ‘ரித்திகாவும் அப்பாவும்’ என்றிருந்தது. குழந்தை தன் படத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் பக்கத்தில் பட்டறை. தண்ணீர் கொட்டுகிற மோட்டார் பம்பைத் தொட்டுப் பார்க்கிற ரித்திகா, அவளுக்குக் காட்டிக்கொடுக்கிற அப்பா. அடுத்ததில் மோட்டார் கருகிப் புகைகிறது, தண்ணீர் நின்றுவிட்டது. அப்பா அதைக் கழற்றி மேசையில் வைத்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார். இனி ஓடாது. அந்தக் கைச்சாடை குழந்தைக்குத் தெரியும். அவளும் கையை விரித்தாள்.

பிறகு அப்பா ஒவ்வொரு கட்டத்திலும் மெலிந்துகொண்டே போனார். ஏழாவது பக்கத்தில் படுத்திருந்தார். முழுப் பக்கத்துக்கும் அந்த ஒரே படம்தான். விரல் கட்டு, தாடைத் துணி, காசு, பஞ்சு. கட்டிலுக்குப் பக்கத்தில் அதே அப்பா இன்னொரு முறை, கட்டம் போட்ட சட்டையோடு நின்று, படுத்திருப்பவரைக் காட்டிக் கையை விரித்திருந்தார். பஞ்சைத் தனியாக ஒரு வட்டத்தில் பெரிதாக வரைந்து, பக்கத்தில் அப்பா சிரித்தபடி தலையை ஆட்டுகிறார். வலிக்காது.

நாச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். குழந்தை விடவில்லை. அம்மாவின் விரலைப் பிடித்து அந்த வட்டத்தின் மேல் வைத்தாள். தாள் வழுவழுவென்று, வெறும் தாளாக இருந்தது.

எட்டாம் பக்கத்தைக் குழந்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுத் தாழை எடுத்தாள்.

கூடத்தில் அழுகை நின்றது. “ஆரு புள்ளைய உட்டது?” என்று தெய்வாத்தாள் எழுந்தாள். ரித்திகா தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தாள். பஞ்சைப் பார்த்தாள். அவள் கை நீண்டது. தெய்வாத்தாள் பிடிக்கப் போனாள்.

“உடுங்க நங்கை,” என்றாள் நாச்சியம்மாள். தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவள் நினைக்கவில்லை. “அவ ஒண்ணும் பண்ண மாட்டா. உடுங்க.”

குழந்தையின் விரல் பஞ்சுக்கு மேலே, படாமல் நின்றது. பிறகு அப்பாவின் கன்னத்தைத் தொட்டது. கையை விரித்துச் சுற்றியிருந்தவர்களுக்குக் காட்டினாள். இனி ஓடாது. ஒருத்தருக்கும் புரியவில்லை.

அவள் புத்தகத்தை விரித்து எட்டாம் பக்கத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தாள். ஏதோ சரியாக இல்லை என்று முகம் சுருங்கியது. நேரே வந்து, அறை வாசல்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாச்சியம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். காலையிலிருந்து நாச்சியம்மாள் கூடத்துக்குள் வரவில்லை. படத்தில் ஒரு பக்கம் மகளும் மறுபக்கம் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கை அப்பாவின் தலைமேல் இருந்தது.

நாச்சியம்மாள் போய் உட்கார்ந்தாள். குழந்தை அவள் கையை எடுத்து, படத்தில் இருந்த இடத்தில் சரியாக வைத்தாள். முடி அப்படியே அவருடைய முடியாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பதினோரு மணிக்கு எடுத்தார்கள். தூக்கும்போது ரித்திகா அலறவில்லை. ஆனால் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். ராமாமணிதான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அது புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கலீல் ரஹ்மான் வந்தார். சேதி தெரிய நேரமாகிவிட்டது என்று சொல்லி, சைக்கிளைப் பிடித்தபடியே வேலிக்கு வெளியில் நின்றார். கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சட்டையில் மஞ்சள் பெயிண்ட் ஈரமாக இருந்தது.

நாச்சியம்மாள் எழுந்து போனாள். அவர் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

“அவியளுக்குக் காட்டவே இல்லீங்க பாய். நாந்தான் பூட்டி வெச்சுப்போட்டேன். வரலீன்னு பொய் சொல்லிப்போட்டேன்.”

கலீல் ரஹ்மான் சைக்கிள் மணியின் மூடியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“அவுருக்குத் தெரியுங்க அக்கா. பத்து நாளைக்கு முன்ன நான் வந்தேன். நீங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தீங்க. ஊட்டுலதான இருக்குது, பாத்தீங்களான்னு கேட்டுப்போட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பீரோவையே பாத்தாரு. அப்பறம் காலண்டர்த் தாள்ல எழுதிக் காட்டினாரு.”

“என்னன்னுங்க?”

“அவ பயந்துட்டு இருக்கறா, நீங்க வந்ததச் சொல்ல வேண்டாம்னு. எழுதி, அவுரே கிழிச்சுப்போட்டாரு.”

நாச்சியம்மாள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கலீல் ரஹ்மான் சைக்கிளைத் திருப்பினார்.

வாசலில் ரித்திகா வெயிலில் குந்தியிருந்தாள். கழுவிவிட்ட தண்ணீரில் புத்தகத்தின் ஓரம் நனைந்திருந்தது. அதை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற ஆடிக் காற்று, ஒரு பக்கத்தை அவள் பிடித்தால் மறுபக்கத்தைத் தூக்கியது.

நாச்சியம்மாள் போய் எதிரில் உட்கார்ந்து, மறுபக்கத்தின் மேல் தன் கையை விரித்து வைத்தாள். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் உள்ளங்கைக்கு அடியில் தாள் துடித்துத் துடித்து அடங்கியது.