மேற்கே ஐந்து கட்டம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் கூடப் பிறந்த தங்கையிலிருந்து தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் நொட்டை அண்ணன்தான். காப்பி கொடுத்தால் சூடு போதாது என்பார். சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்துவிட்டது என்பார். இந்தக் குணத்துக்குச் சம்பளம் தரும் வேலை ஒன்று உண்டு என்று கண்டுபிடித்தவள் தங்கை. அவள் பிள்ளைகளுக்கான மென்பொருள் எழுதினாள். அதில் பிழை பார்க்க அண்ணனை உட்கார வைத்தாள். அவர் 'பிழை இல்லை' என்று எழுதிக் கொடுக்காமல் எதுவும் வெளியே போகாது. 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் அவர் ஒருநாளும் எழுதியதில்லை.

இந்தத் தடவை வந்தது 'வழி தவறிய வாத்து' என்ற விளையாட்டு. திரையில் கட்டம் கட்டமாக ஓர் ஊர், நடுவில் தபால் நிலையம். "தபால் நிலையத்திலிருந்து மேற்கே ஐந்து கட்டம் நடந்தேன், வடக்கே இரண்டு, பிறகு கிழக்கே மூன்று. நான் எந்த வீட்டு வாசலில் நிற்கிறேன்? திரும்பிப் போக மிகக் குறைந்தது எத்தனை கட்டம்?" என்று வாத்து கேட்கும். தபால் நிலையத்தைச் சுற்றி, பக்கத்துக்கு ஒன்றாக, நான்கு வீடுகள் மின்னும். சரியான வீட்டைத் தொட்டு, எண்ணையும் போட வேண்டும். இரண்டும் சரியானால்தான் மதிப்பெண்.

ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் வெள்ளோட்டம். மூன்றாம் நாள் மதியம் வகுப்பு டீச்சர் நொட்டை அண்ணனிடம் வந்தார்.

"சார், உங்க வாத்து ரொம்ப உதவி பண்ணிடுச்சு. படிப்புல பின்தங்குறவங்களுக்கு வைக்கிற தனி வகுப்பு யாருக்கு வேணும்னு எனக்கு ஒரு குழப்பம் இருந்துச்சு. இப்ப இல்ல. கடைசி வரிசைல இருக்காளே, சின்னவ. மூணு நாளும் இருபதுக்கு சைபர். திங்கட்கிழமைலேருந்து அவளை அங்க மாத்திடலாம்னு இருக்கேன்."

சின்னவள் வருஷ நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்தவள். எட்டு வயதுக்கு உடம்பு ஆறு வயது போல இருக்கும். அதனால் அந்தப் பெயர். அவள் கையைக் கட்டிக்கொண்டு டேப்லெட்டை முறைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலை என்றிருக்கும்.

"மூணு நாளும் சைபரா? ஒண்ணுகூட சரியில்லையா?"

"ஒண்ணுகூட இல்ல. எண்ணெல்லாம் சரியாத்தான் போடுறா. பக்கத்துல பாத்து எழுதுறா போல. வீடுதான் தப்பு."

நொட்டை அண்ணனுக்கு மூக்கில் வேர்த்தது. நான்கு வீட்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் இருபதில் ஐந்து தேறும். குருட்டாம்போக்கில் கூட ஒன்று சரியாக வராமல் அறுபது கேள்வியைத் தப்பாகப் போடுவது லேசுப்பட்ட காரியமா? சரியான விடை எது என்று தெரிந்தவர்கள்தான் அதை அவ்வளவு கவனமாகத் தவிர்க்க முடியும்.

எந்தப் பிள்ளை எதைத் தொட்டது என்று மென்பொருள் குறித்து வைத்திருந்தது. அவர் கட்டம் போட்ட மெல்லிய சதுரத் தாள்கள் இரண்டை எடுத்தார். ஒன்றில் அன்றைய சரியான இருபது வீடுகளுக்குப் புள்ளி வைத்தார். இன்னொன்றில் சின்னவள் தொட்ட இருபது வீடுகள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சலித்துப்போய் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பையில் வைக்கப் போனார். மேல் தாள் சுழன்று குறுக்காக விழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இருபது புள்ளியும் இருபது புள்ளிமேல் அச்சாக உட்கார்ந்திருந்தன. தாளைக் கால் சுற்று திருப்பினால் போதும், ஒன்றுகூடப் பிசகவில்லை. முந்தின இரண்டு நாள் புள்ளிகளும் அப்படியே.

அவர் சின்னவள் பக்கத்தில் போய்க் குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்தப் படத்துல மேற்கு எந்தப் பக்கம்?"

"மேல," என்றாள், இது ஒரு கேள்வியா என்பது போல. "மேற்கு மேல. கிழக்கு கீழ."

"வடக்கு?"

"வலது பக்கம். ரெண்டுமே 'வ'."

"அப்ப தெற்கு?"

"மிச்சம் இருக்கறது."

நொட்டை அண்ணன் திரும்பவும் தாளைப் பார்த்தார். யாரும் சொல்லித் தராததை, சொற்களின் காதைப் பிடித்துத் திருகி, இந்தப் பெண் தானே ஒரு திசைகாட்டி செய்துவைத்திருக்கிறாள். அதை வைத்து மூன்று நாள், அறுபது கணக்கு, ஒரு கட்டம்கூட வழுக்காமல் நடந்திருக்கிறாள். அலுவலகத்தில் அவரே பதினேழாம் கணக்கில் இரண்டு தடவை தடுமாறியவர்.

"டீச்சர் சொன்னாங்களே, வடக்கு மேலன்னு?"

"அது நான் வர்றதுக்கு முன்னாடி நடந்த பாடம்." அவள் குரல் இறங்கியது. "எங்கப்பா வேன் ஓட்டுறாரு. நாள் பூரா வழி கண்டுபிடிக்கறதுதான் அவர் வேலை. எம்பொண்ணுக்கு வழி தெரியலையான்னு நேத்து சரியாவே சாப்பிடல."

அவருக்குச் சுருக்கென்றது. படத்தில் திசைகாட்டி இருக்க வேண்டுமே? வலது மூலையில், தங்கை ஆசையாக வரைந்த அம்புக்குறி! டேப்லெட்டை வாங்கிப் பார்த்தார். சின்னத் திரையில் மதிப்பெண் பலகை அதன்மேல் ஏறி உட்கார்ந்து முழுசாக மறைத்திருந்தது. அலுவலகப் பெரிய திரையில் மட்டும் பார்த்துவிட்டு 'பிழை இல்லை' என்று கையெழுத்துப் போட்டவர் யார் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வடக்குதான்மா மேல. மேற்கு இடது பக்கம்."

"ஏன்?"

"அப்படித்தான் வச்சிருக்காங்க."

அவள் அதில் பெரிதாக மயங்கவில்லை. டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தாள். படமும் கூடவே திரும்பி நிமிர்ந்து நின்றது. உச்சுக் கொட்டினாள். பிறகு டேப்லெட்டை மேசைமேல் வைத்து, தன் தலையை இடது தோள்மேல் சாய்த்துக்கொண்டாள். அப்படியே முதல் கணக்கிலிருந்து தொட ஆரம்பித்தாள். டீச்சர் எழுந்து வந்து பின்னால் நின்றார். பத்து. பதினைந்து. பதினேழாவதில் நொட்டை அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் பிடிக்கவில்லை. இருபதுக்கு இருபது. வாத்து குதித்து இறக்கை அடித்தது.

டீச்சர் போய்த் தனி வகுப்புப் பட்டியலை எடுத்து, ஒரு பெயரை அடித்தார். திரும்பி வந்து, "உன்னைத் தப்பா நெனச்சுட்டேன் கண்ணு," என்றார். சின்னவள் தலையை அப்போதுதான் நிமிர்த்தினாள். "எங்கப்பாகிட்டயும் சொல்லுங்க," என்றாள்.

தங்கை போனில் கேட்டாள். "என்னண்ணா, எத்தனை நொட்டை?"

"இங்க ஒருத்தி இருக்கா. நம்ம வாத்துக்கே வழி சொல்லுவா. ரொம்ப நல்லா இருக்குடி," என்றார். "ஹலோ, யாரு பேசறது?" என்றாள் தங்கை. லைன் மாறிவிட்டதென்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் பிழைப் படிவத்தை எடுத்தார். என்ன பிழை: திசைகாட்டி மறைந்துவிட்டது. யார் மேல் தவறு என்ற கட்டம் வந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கட்டத்தில் ஊரில் உள்ளவர்களை எல்லாம் எழுதியவர், பேனாவை ஒருமுறை உதறிவிட்டு, 'என் மேல்' என்று எழுதினார்.

சின்னவள் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"உங்க மேலன்னா மேற்கயா, வடக்கயா?"

நொட்டை அண்ணனால் எவ்வளவோ யோசித்தும் அந்தக் கேள்வியில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.