எங்கே வலிக்கிறது?

‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே வெட்டண்ணனுக்குப் பொறி தட்டியது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு ஒரு அம்மாள் வருகிறாராம். தினமும் எப்போது நடக்கலாம், எப்படிக் கைகாலை நீட்டி மடக்கலாம் என்று ஆளாளுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பாராம். சின்னக் கம்பெனிகளுக்குக் காசு கிடையாதாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது என்று அவர் அப்போதே முடிவுகட்டிவிட்டார்.

வெட்டு மெஷினில் இருப்பதால் அவர் வெட்டண்ணன். சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும் இருந்தது. காலால் மிதித்தால் கத்தி இறங்கி அட்டையை வெட்டும் பழைய மெஷின் அது. பத்தொன்பது வருடமாக வலது காலால் மிதித்து மிதித்து, வலது முழங்கால் இப்போது காலையில் ஒரு தடவையும் மாலையில் பல தடவையும் முணுமுணுத்தது. மூன்று வருடமாக யாரும் பார்க்காத சமயத்தில் இடது காலுக்கு மாறிக்கொள்வார். மாடிப்படி ஏற வேண்டியிருந்தால் ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் ஏறுவார். அந்த ஷூவுக்கு லேஸே கிடையாது என்பதை இதுவரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐம்பத்து நான்கு வயதில் இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது. பயம் அவ்வளவுதான், ஆனால் அது சின்னப் பயம் இல்லை. இதற்கு முன்னால் இருந்த பெரிய தொழிற்சாலையில் ஒருநாள் கண் பரிசோதனைக்கு ஆள் வந்தது. சிரித்த முகம், இலவசக் கண்ணாடி. மூன்றே வாரத்தில், கண் மங்கலான ஏழு பேரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களில் ஒருவர் இவருடைய மச்சான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் போகுமா?

வியாழக்கிழமை அந்த அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும், தட்டையான செருப்பு, தோளில் துணிப்பை. இளசுகள் அன்றைக்கே அவருக்கு ‘நடை டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். தினமும் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எப்போது பத்து நிமிடம் ஒழியும், என்னென்ன பிடிக்கும் என்றெல்லாம் கேள்விகள். ஐந்தாவது கேள்வியில்தான் வெட்டண்ணனின் கண் குத்திட்டு நின்றது. ‘உங்களுக்கு எங்கே வலிக்கிறது?’

டீ நேரத்தில் எல்லோரையும் அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் கூட்டினார்.

“அஞ்சாவது கேள்விக்கு எல்லாரும் ‘ஒன்றுமில்லை’ன்னு எழுதுங்க. ஒரு வார்த்தை கூடக்கூடாது, குறையக்கூடாது.”

“எனக்கு இடுப்பு வலிக்குதே அண்ணா” என்றாள் பசையக்கா. பெட்டிகளுக்குப் பசை தடவி ஒட்டுகிறவள் அவள்; நாள் முழுக்கக் குனிந்தபடி நிற்கிற வேலை.

“வலிக்கட்டும். தாளுக்குத் தெரிய வேண்டாம்.”

“அந்தம்மாவப் பார்த்தா நல்லவங்களாத் தெரியுது.”

“கண்ணாடி குடுத்தவனும் நல்லவனாத்தான் தெரிஞ்சான். முதலாளி ரெண்டு மாசமா மேஜையக் கீழ கொண்டாந்து, படிக்கட்டுப் பக்கத்துல போட்டு உக்காந்திருக்காரே, எதுக்குன்னு யோசிச்சியா? மேல அவ்வளவு பெரிய ரூம் சும்மா கெடக்கு.”

மேஜை இறங்கி வந்ததிலிருந்தே எல்லோர் மனத்திலும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பன்னிரண்டு பேரும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினார்கள். வெட்டண்ணன் மட்டும் அதன் கீழே இரண்டு கோடும் போட்டார்.

டீச்சர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். முதலாளியும் ஒரு தாள் நீட்டினார், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“இவ்வளவு ஆரோக்கியமான கம்பெனிய நான் பார்த்ததே இல்ல” என்றார் டீச்சர். சொன்னது பாராட்டா, குத்தலா என்று வெட்டண்ணனுக்குப் பிடிபடவில்லை. இரவு படுத்த பிறகும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வலியே இல்லாதவர்களுக்கு ஏற்ற திட்டம் திங்கட்கிழமை சுவரில் ஒட்டப்பட்டது. பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் மெஷின்களை நிறுத்த வேண்டும். இருபத்திரண்டு படிகள் கொண்ட மாடிப்படியை மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். பிறகு தெருவை ஒரு சுற்று. தன் வாயால் தானே கெட்டது என்பதை வெட்டண்ணன் முதல் நாள் ஒன்பதாவது படியிலேயே புரிந்துகொண்டார். ஆனால் கோடு போட்ட கை, இப்போது எப்படிப் பின்வாங்கும்?

அதைவிடப் பெரிய உறுத்தல் முதலாளி. மணி அடித்ததும் அவர் மேஜையை விட்டு எழுந்து படிக்கட்டின் அடியில் வந்து நின்றுகொள்வார். கைப்பிடிக் கம்பியில் ஒரு கை, மற்றதில் சின்ன நோட்டு. “போங்க, போங்க, நான் பின்னாடியே வரேன்” என்பார். வரமாட்டார். ஒவ்வொருவரும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். எல்லோரும் தெருவுக்குப் போன பிறகு நோட்டில் ஏதோ எழுதுவதை, ஜன்னல் வழியாக வெட்டண்ணன் இரண்டு தடவை பார்த்துவிட்டார்.

“பேர் எழுதுறாரு” என்றார் மனைவியிடம், முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே. “யார் நொண்டுறாங்கன்னு கணக்கு.”

“நேரா போய்க் கேட்டாத்தான் என்ன?”

“கேட்டா நான்தான் நொண்டின்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்.”

“மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்” என்று சொல்லிவிட்டு அவள் வெந்நீரை மாற்றப் போனாள். அவருக்குக் கோபம் வந்தது. மடியில் கனம் இருப்பது உண்மை என்பதால் வந்த கோபம்.

வியாழக்கிழமை நான்கு மணிக்குப் பசையக்கா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். முதலாளி போன் பேச வாசலுக்குப் போயிருந்தார்; வெட்டண்ணன் கடைசியில் வந்துகொண்டிருந்ததால் அவர் மட்டும்தான் பார்த்தார்.

“நாளைக்கு டீச்சர் வரும்போது உள்ளதச் சொல்லிடப் போறேன் அண்ணா. வேலை போனாப் போகட்டும். ராத்திரி புரண்டு படுக்க முடியல.”

“ஒரு வாரம் பொறுத்துக்க.”

“நீங்க சொன்னீங்கன்னுதான் பொய் எழுதினேன். வலிக்கிறது எனக்கு.”

அவள் மெதுவாக எழுந்து, கம்பியைப் பிடித்து மேலே போனாள். அவளைத் தன் பயத்துக்குப் பலி கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும், அவள் தன் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்ற எண்ணம் எட்டிப் பார்த்தது. அதற்காக இன்னும் வெட்கப்பட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டீச்சர் வந்து மாடியில் நின்றுகொண்டார். எல்லோரும் ஏறிப் போனார்கள். வெட்டண்ணன் இல்லாத லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது படியடியில் அவரும் முதலாளியும் மட்டும்.

“ஏறுய்யா” என்றார் முதலாளி.

“நீங்க முதல்ல போங்க சார்.”

“நான் பின்னாடி வரேன். நீ போ.”

“பரவாயில்ல சார், நீங்க போங்க.”

“இன்னும் ரெண்டு பேர் வரணும்” என்று மேலிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

முதலாளி ஒரு பெருமூச்சு விட்டு ஏறத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது படியில் நின்றார். கம்பியைப் பிடித்த கை வெளுத்திருந்தது, வாய் திறந்து மூச்சு இரைத்தது. நோட்டு கை நழுவி வெட்டண்ணன் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தார், முழங்கால் கேட்கும்படி சத்தம் போட்டது. நோட்டு திறந்தே கிடந்தது. ஒருவர் பெயரும் அதில் இல்லை. ‘திங்கள், ஒன்பது படி. செவ்வாய், எட்டு. புதன், எட்டு. வியாழன், ஆறு.’

வெட்டண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். எல்லோரும் தெருவுக்குப் போன பிறகு முதலாளி தனியாக ஏறிப் பார்த்த கணக்கு அது. மேஜை ஏன் கீழே வந்தது என்பது விளங்கிவிட்டது.

முதலாளி அங்கேயே உட்கார்ந்தார். “யார்கிட்டயும் சொல்லிடாத” என்றார் தாழ்ந்த குரலில். “இந்தம்மாவ என் தம்பிதான் அனுப்பி வெச்சிருக்கான். எனக்கு முடியலன்னு தெரிஞ்சா நாற்காலிய எடுத்துக்கலாம்னு பார்க்கிறான்.”

“நீங்க அஞ்சாவது கேள்விக்கு என்ன எழுதினீங்க?”

“ஒன்றுமில்லைன்னு. நீ?”

“அதேதான். ரெண்டு கோடு போட்டு.”

முதலாளிக்குச் சிரிப்பு வந்து மூச்சு முட்டியது. “உன் முழங்கால் எனக்கு மூணு வருஷமாத் தெரியும்யா. இடது காலுக்கு மாறும்போது மெஷின் சத்தமே மாறிடும்.”

“அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா நீ என்னைத் திரும்பிப் பார்ப்பியே” என்றார் முதலாளி.

மேலே படிமேடையில் பதினொரு பேரும் வரிசையாகத் தெரிந்தார்கள். பசையக்கா சுவரில் சாய்ந்து, வாயைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் முந்திக்கொள்வதற்குள் வெட்டண்ணன் கழுத்தை நிமிர்த்தினார்.

“டீச்சர், எனக்கு முழங்கால் வலிக்குது. வலது கால். மூணு வருஷமா. என்னால ஏற முடியாது. இவங்களையும் நான்தான் பொய் எழுதச் சொன்னேன். எனக்கு வேற தாள் வேணும்.”

பசையக்கா சொன்னாள்: “எனக்கும் ஒண்ணு. இடுப்பு.” மாவரைக்கிற சத்தம் மாதிரி மற்றவர்களும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்: தோள், குதிகால், கழுத்து.

டீச்சர் பையைத் துழாவினார். “தாள் கொண்டு வரலையே. எழுதினதுதான் உண்மைன்னு நினைச்சுட்டேன்” என்றார். அவர் முகத்தில் நிஜமான ஏமாற்றம் இருந்தது. நடிப்போ என்று வெட்டண்ணன் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பழக்கம் லேசில் விடுமா.

“இங்க அட்டைக்கா பஞ்சம்?” என்று மெஷினுக்குப் போனார். கழிவில் கிடந்த வெள்ளை அட்டையை இழுத்து வைத்தார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இடது காலால் மிதித்தார். கத்தி இறங்கியது. அடுத்தது. அடுத்தது. எண்ணிப் பதின்மூன்று துண்டு வெட்டினார்.

இளசுகளில் ஒருவனைக் கீழே கூப்பிட்டு, பன்னிரண்டை டீச்சரிடம் கொடுக்கச் சொல்லி மேலே அனுப்பினார். பதின்மூன்றாவதை எடுத்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, கம்பியைப் பிடித்து ஐந்தாவது படி வரை ஏறினார். அதை முதலாளியின் மடியில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலாளி அந்த வெற்று அட்டையை வெகுநேரம் பார்த்தார். மேலே நின்றவர்களையும் ஒரு தடவை பார்த்தார். அவர்கள் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பேனா வெச்சிருக்கியா?” என்றார்.