ஜெபத்தில் சொன்னது

நானும் என் வீட்டுக்காரரும் நேருக்கு நேர் சண்டை போட்டதே கிடையாது. எங்கள் சண்டையெல்லாம் குடும்ப ஜெபத்தில்தான். சாயங்காலம் சோபாவில் முழங்கையை ஊன்றி முழங்கால் போடுவோம். "ஆண்டவரே, உம்முடைய ஊழியக்காரர் ஈரத்துண்டைக் கட்டில்மேலேயே போடுறார், நல்ல புத்தியைத் தாரும்" என்பேன். தன் முறை வரும்போது அவர், "சாப்பாட்டுல உப்பு தூக்கலா இருந்தாலும் அதுக்காகவும் ஸ்தோத்திரம்" என்பார். கணக்கு நேராகிவிடும். பெரிய முடிவுகளும் அங்கேதான். ரிட்டயரான பிறகு ஊழியத்துக்கென்று கடல் தாண்டி வந்ததுகூட அப்படி முடிவானதுதான். ஒருவர் ஜெபித்ததை மற்றவர் மறுத்துப் பேசுவதில்லை. கடவுளிடம் சொன்னதில் போய்க் குறுக்கே பேச முடியுமா?

இங்கே எங்கள் சபை ஒரு டயர் கடைக்கு மேலே வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளைத் துடைத்துத் தள்ளித் தள்ளிப் போடுவேன். நெருக்கிப் போட்டால் வந்தவர்கள் எத்தனை பேர் என்று பளிச்சென்று தெரிந்துவிடும். தையற்காரம்மா வருவார். ரிட்டயரான டிரைவர் ஒருவர் வந்து, பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். இன்னும் சிலர். எல்லாரும் நல்லவர்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் எப்படியோ இந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வணக்கமும் நன்றியும் தாண்டவில்லை. ஊரில் நான் வாயைத் திறந்தால் பஸ் போய்விடும் என்று கேலி செய்வார்கள். இங்கே வாயில்லாப் பூச்சி. அவர் சபையாரை வீடு வீடாகப் பார்க்கப் போய்விட்டால், வாஷிங் மெஷின் தடதடக்கும்போது "இருடி, வர்றேன்" என்பேன். அதுதான் அன்றைய பேச்சு.

ஊரில் என் அக்கா தனியாக இருக்கிறாள். போனில் கூப்பிட்டால், "மாடி ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு, எப்போடி வர்றே?" என்பாள்.

போன வாரம் மிஷன் செயலாளர் ஊரிலிருந்து கூப்பிட்டார். எங்கள் தவணை முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறோமா, இல்லை வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார். இவர், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம் ஐயா" என்றார்.

எனக்குப் போக வேண்டும். அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து, ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும். அன்றைக்கே சொல்லிவிடுவது என்றுதான் முழங்கால் போட்டேன். கண்ணை மூடியதும் நாக்கு எழவில்லை. பேச ஆளில்லை, அதனால் உம்முடைய வேலையை விட்டுப் போகிறேன் என்று ஆண்டவரிடமே எப்படிச் சொல்வது? 'நான் இல்லையா?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? வாயில் வந்ததெல்லாம் வழக்கமாக வருவதுதான். "இந்த ஜனங்களைக் கைவிடாதேயும், எங்களை இன்னும் பயன்படுத்தும்." என் வீட்டுக்காரராவது தன் முறையில் ஊரைப் பற்றி எடுப்பார் என்று காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து "ஆமென்" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் நான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது செயலாளரைக் கூப்பிட்டார். "இருக்கோம் ஐயா. என் வீட்டுக்காரம்மா அவ்வளவு பாரத்தோட ஜெபிச்சாங்க." அந்தப் பக்கம் செயலாளர் "ஸ்தோத்திரம்" என்று கத்தியது எனக்கே கேட்டது. அவர் பேசி முடிக்கும்வரை அதே கோப்பையையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"இதுல கேக்க என்ன இருக்கு? நீதானே ஜெபம் பண்ணினே."

"நான் போகணும்னுதான் இருந்தேன்."

அவர் போனை மேசைமேல் வைத்தார். "நானும்தான்" என்றார்.

"பின்னே வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ ஆரம்பிப்பேன்னு பாத்தேன். அக்கா அக்கான்னு ஏங்கறியே. வீட்டுக்காரம்மாவால முடியல, அதான் வர்றோம்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பழியை என் தலையில் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேரப் பார்த்த மனுஷன்! ஆனால் நானும் அவர் தலையில் போடத்தானே காத்திருந்தேன். ஜாடிக்கேற்ற மூடி.

"இப்பவே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல? இத்தனை நேரம் ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கும். நீ பேசேன்."

"நான் எதுக்கு? சொன்னது நீங்க."

அவர் போனை என் பக்கம் நகர்த்தினார். நான் அவர் பக்கம் நகர்த்தினேன். அப்புறம், தையற்காரம்மாவுக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கோட்டை மாட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "மறந்துட்டுப் போறீங்க" என்று போனை நீட்டினேன். "இருக்கட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

படியில் அவர் செருப்புச் சத்தம் ஓயும்வரை நின்றேன். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டேன், எந்த நம்பரையும் அழுத்தாமல்.

"ஐயா, எங்களால முடியல. ரொம்பத் தனியா இருக்கு. நாங்க ஊருக்கே வந்துடறோம்."

திக்காமல் திணறாமல் நன்றாகவே வந்தது. கேட்கத்தான் யாரும் இல்லை.