அண்ணையிடம் இருந்த திறப்பு

"கமலா, அந்தத் துவக்குத் திறப்பை என்னட்டைத் தா. உவன் இருக்கிற இருப்புக்கு என்ன செய்வானெண்டு தெரியாது."

துப்பாக்கிப் பூட்டின் சாவியைச் சண்முகலிங்கம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் அவர் தாழ்த்திய குரலே அவர்கள் குடியிருக்கிற ரூஜ் பகுதி முழுக்கக் கேட்கும். நிலக்கீழ் அறையின் படிக்கட்டில் நின்று வேட்டியை இறுக்கிக்கொண்டிருந்த நேசனுக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

கமலாம்பிகை தமையனுக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்ரிக் பையை மடியில் வைத்துக் கணவனின் பொருட்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மணிக்கூடு, கண்ணாடி, வெள்ளிக்கிழமைக் கோயில் விபூதிப் பொட்டலம், ஒரு திறப்பு வளையம். வளையத்தில் வீட்டுத் திறப்போடு சின்னதாய் ஒரு பித்தளைத் திறப்பும் தொங்கியது. வளையத்தை மட்டும் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

செத்துப்போன அவள் கணவன் இராஜரட்ணத்துக்குப் பிள்ளைகள் இல்லை. இன்றைக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி நேசன்தான்.

பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. கூட வேலை செய்கிறவர்களோடு வருடத்தில் ஒரு கிழமை மான் வேட்டைக்குப் போவான். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து முதன்முதல் துவக்கோடு வந்த அன்று வீடே இரண்டுபட்டது. "ஊரிலை உதுக்குப் பயந்துதானேடா இஞ்சை ஓடி வந்தனாங்கள்" என்று அண்ணை தொண்டை கிழியக் கத்தினார். மூன்றாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"துவக்கு உன்ரை. திறப்பு என்ரை."

நேசன் அந்தச் சொல்லை ஒருநாளும் மீறவில்லை. துவக்கு கீழே இரும்பு அலுமாரியில், விசையில் பூட்டோடு. தோட்டாக்கள் மேலே அண்ணையின் அறையில், வேறு பெட்டியில். வேட்டைக்குப் போகிற காலையில் கை நீட்டித் திறப்பை வாங்குவான். திரும்பி வந்தால் துவக்கைத் துடைத்து, பூட்டி, திறப்பை அண்ணையின் கையில் வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பான். துவக்கு விஷயத்தில் அவனை ஒருவரும் ஒரு குறை சொல்ல முடியாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கார் வேறு கதை. ஸ்ரியறிங்கில் கை வைத்தால் அவன் வேறு ஆள். அவனை முந்திப் போகிறவன் எவனானாலும் பரம்பரைப் பகையாளி. அண்ணை பக்கத்து சீற்றில், கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்தபடி, "மெல்லப் போடா" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

போன வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் இருந்து இரண்டு பேருமாகத் திரும்பி வந்தார்கள். 401 நெடுஞ்சாலையில் ஒரு சிவப்பு ட்ரக் குறுக்கே புகுந்தது. நேசன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. விரட்டிப் போய், முந்தி, ட்ரக்குக்கு முன்னால் இரண்டு தரம் பிறேக்கை மிதித்தான். மிதித்துவிட்டுச் சிரித்தான். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய இடத்தில் சிவப்பு விளக்கு. ட்ரக்காரன் பாய்ந்து வந்து கார்க் கண்ணாடியில் குத்தினான்.

"நீ இறங்காதை. நான் சொறி சொல்லிப்போட்டு வாறன்" என்று அண்ணை இறங்கினார்.

இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு போன மனிதரை ட்ரக்காரன் நெஞ்சில் பிடித்துத் தள்ளினான். வீதியோரக் கல்லில் பின்மண்டை அடிபட்டது. மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து அண்ணை போய்விட்டார்.

தள்ளியவனைப் பொலிஸ் பிடித்துவிட்டது. சும்மா போய்க்கொண்டிருந்த தங்களை அவன் விரட்டி வந்ததாக நேசன் எழுதிக் கொடுத்தான். வீட்டிலும் அதையேதான் சொன்னான். வருகிறவர்கள் எல்லாம் அவன் தோளைத் தட்டி, "நீயும் பாவம்" என்றார்கள். தட்டின ஒவ்வொரு கையும் அவனுக்குச் சுட்டது.

"நேசன், நேரமாகுது. அண்ணியை நீயே உன்ரை காரிலை கூட்டிக்கொண்டு வா."

சண்முகலிங்கம் மேசையில் கிடந்த கார்த் திறப்பை எடுத்து நீட்டினார். துவக்குத் திறப்புக்கு அவ்வளவு பயந்த மனிதர் இதை ஒரு யோசனையும் இல்லாமல் அவன் கையில் வைத்தார்.

வெளியே கார்த்திகை மாதத்துப் பனி பொருபொருவென்று கிடந்தது. கமலாம்பிகை முன் சீற்றில், கணவன் இருந்த இடத்தில் ஏறி இருந்தாள். கார் இன்னும் ஸ்ராட் ஆகவில்லை. ஆனால் அவள் கை தானாகவே உயர்ந்து மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டது.

நேசன் அதைப் பார்த்தான். திறப்பைப் போட்டவனுக்கு அதைத் திருப்ப முடியவில்லை.

"அண்ணி."

"ம்."

"அவன் சும்மா வரேல்லை. நான்தான் முன்னாலை போய் பிறேக் அடிச்சனான். ரெண்டு தரம். பொலிசுக்குப் பொய் எழுதிக் குடுத்திட்டன்."

அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மோடை ஆறு வருசமாய்க் காரிலை வாறன், தம்பி. எனக்கு உதை ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை."

ஏசியிருந்தால், கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் குலுங்கி அழுதான். அவனை அவள் அழுது முடிக்க விட்டாள்.

"நாங்கள் துவக்கை எல்லோ பூட்டி வைச்சிருந்தனாங்கள்" என்றாள் பிறகு. கார்த் திறப்புக்குக் கையை நீட்டினாள். "உதைத் தாரும்."

கைப்பையில் இருந்து வளையத்தை எடுத்தாள். அது இறுக்கமான வளையம். நகத்தால் நெம்பி நெம்பி, கார்த் திறப்பைப் பித்தளைத் திறப்புக்குப் பக்கத்தில் கோத்தாள்.

சண்முகலிங்கத்தின் வான் வண்டியில் போய் ஏறினார்கள். "ஏன், கார் ஸ்ராட் ஆகேல்லையோ?" என்றார் அவர்.

"இல்லை அண்ணை" என்றாள் கமலாம்பிகை.

தகன மண்டபத்தில், கொள்ளிக்குப் பதிலாக உலையை மூட்டுகிற ஒரு பொத்தானை ஐயர் காட்டினார். நேசன் பெருவிரலை வைத்தான். ஹோர்னை அழுத்திய அதே விரல். "அழுத்துங்கோ தம்பி" என்று ஐயர் இரண்டாம் தரமும் சொல்ல வேண்டி வந்தது.

வீட்டுக்கு வந்து முழுகினான். சனம் சாப்பிட இருந்தபோது ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். கமலாம்பிகை பின்னால் வந்து நின்றாள்.

"பொலிசுக்கோ?"

"ஓம் அண்ணி. துவக்கையும் வந்து எடுக்கச் சொல்லப்போறன்."

"சாப்பிட்டிட்டுப் போமன்."

"வந்து சாப்பிடுறன்."

பொலிஸ் நிலையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் இடம் கிடைத்தது. தலை இன்னும் ஈரமாக இருந்தது. நாலைந்து தரிப்பு கடந்திருக்கும், ஒரு கார் சமிக்ஞை போடாமல் பஸ்ஸுக்கு முன்னால் வந்து புகுந்தது. சாரதி மெல்ல பிறேக் பிடித்து, அதைப் போக விட்டு, தன்பாட்டில் ஓட்டினார்.

நேசன் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கால், அந்தக் காரை விரட்டுவதுபோல, பஸ்ஸின் தரையை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. இடது காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டான்.